அடுத்த கேள்வி

"இருமல் எத்தனை நாளா? சளி வருதா? என்ன நிறம்? ரத்தம் கலந்து?" என்று கட்டிலருகே நின்றபடி அடுக்கிக்கொண்டே போகிறான். படுத்திருக்கும் பெரியவர் இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறக்கும்போது இவன் பேனா ஐந்தாவதில் நிற்கிறது. இறுதியாண்டு மருத்துவ மாணவன். கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் 'ஃபாரம்'. அவன் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது.

வீட்டிலும் இதே கூத்துதான். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

"எந்தப் பக்கம்? குத்துதா, அமுக்குதா? எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"நீ கேக்க ஆரம்பிச்சதும்தான்டா."

படிப்பில் குறை சொல்ல முடியாது. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். பயம்தான் அவனை விரட்டுகிறது. நோயாளி சற்று மௌனமானால், அடுத்த கேள்வி தனக்கு மறந்துவிட்டதாகப் பேராசிரியர் நினைப்பாரோ என்று உதறல் எடுக்கும். போன செய்முறைத் தேர்வில் அப்படித்தான் கோட்டை விட்டான். ஒரு லாரி ஓட்டுநரிடம் நாற்பது கேள்வி கேட்டான். பேராசிரியர் வந்து, "என்னண்ணே ஆச்சு?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வண்டி ஓட்டும்போதே இரண்டு முறை கண் இருட்டியதை அந்த மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். இவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுதேர்வு போன வாரம். இதிலும் தவறினால் இன்னும் ஆறு மாதம் போச்சு. அவனுக்கு வாய்த்தவர் தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?"

"சாப்பிடுறேன்பா."

அடுத்த கேள்விக்குத் தாவப்போனவன், அந்த அம்மாள் போர்வை நுனியை முறுக்குவதைப் பார்த்துவிட்டான். வாயை மூடிக்கொண்டான். சுவர்க் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடியது.

"நீர் மாத்திரைய மட்டும் வேலைக்குப் போற நாள்ல போடறதில்லப்பா," என்றார் அவர், மெல்ல. "போட்டா ஒண்ணுக்கு ஓடிக்கிட்டே இருக்கணும். ரெண்டு தடவைக்கு மேல எந்திரிச்சா சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் கத்துறாரு. அன்னிக்கு ஒருநாள்..."

மணி அடித்துவிட்டது. பேராசிரியர் மதிப்பெண் தாளோடு கட்டிலருகே வந்து, "நேரமாச்சு. ம், சொல்லு," என்றார். அம்மாள் சட்டென்று நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஃபாரம் திரும்பவில்லை. அம்மாளின் முகத்தைப் பார்த்தபடியே, பேராசிரியரைப் பொறுக்கச் சொல்லி ஒரு கையை உயர்த்தினான்.