குன்றாண்டார்கோவிலில் ஒரு மறுபந்தி

ஆறரை மணி பஸ் என்று சொன்னார்கள். ஏழேகாலுக்குத்தான் அது திருச்சியை விட்டு நகர்ந்தது. கீரனூருக்கு எழுபது நயா பைசா டிக்கெட். என் மடியில் சுருட்டிக் கட்டிய கோரைப்பாய் ஒன்று.

"பாயை மேல போட்டுருங்கம்மா, லக்கேஜு" என்றார் கண்டக்டர்.

"பாய் இல்லை தம்பி, மேளம்" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

விஷயம் இதுதான். பிஜித் தீவின் சுவா பட்டணத்தில் என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கணக்கு வேலை. பக்கத்து வீட்டில் சாமோவா தீவுக்காரர்கள். அவர்களிடம் 'சாசா' என்று ஒரு கூட்டு ஆட்டம் உண்டு. வரிசை வரிசையாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து கையாலும் தலையாலும் ஆடுவார்கள். ஒருவர் சுருட்டிய பாயைக் குச்சியால் அடித்துத் தாளம் போடுவார். வலை வீசுவது, தேங்காய் துருவுவது என்று அன்றாடம் செய்கிற வேலையெல்லாம் அதில் வரும். எதைச் சேர்ப்பது என்று ஆடுகிறவர்களே பேசி முடிவு செய்வார்கள்.

ஊர் திரும்பி உறையூரில் குடியேறிய பிறகு இந்தக் கதையை என் சித்தி மகள் சரோஜாவிடம் சொல்லியிருந்தேன். அவள் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சிறிய கிராமத்தில் டீச்சர். போன மாதம் வீட்டுக்கு வந்து அழாத குறையாகப் பிடித்துக்கொண்டாள். ஆண்டு விழாவில் பெண் பிள்ளைகள் கும்மி ஆடக் கூடாது, மேடையில் நின்று ஆடுவது வீட்டுப் பெண்களுக்கு அழகில்லை என்று அந்த ஊர் அம்பலக்காரர் சொல்லிவிட்டாராம். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஆட்டம் போனாப் போகுதுக்கா. அவரு பேத்தி வெள்ளையம்மா இந்த வருஷம் அஞ்சாவது. ஆறாவதுக்குக் கீரனூர் அனுப்ப மாட்டேங்கிறாரு. அவ நின்னுட்டா அவளுக்குப் பின்னாடி ஒரு பொண்ணும் போகாது. புள்ளைகளோட சாமர்த்தியத்த அவரு ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

"நின்று ஆடக் கூடாது என்றுதானே சொன்னார்? உட்கார்ந்து ஆடட்டும்" என்றேன். இப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

கீரனூரில் இறங்கி, காபி என்ற பெயரில் ஒரு சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். இருபுறமும் கடலைக்கொல்லை, பொட்டல், நடுவில் திடீரென்று பாறை. குன்றாண்டார்கோவிலில் சரோஜா வில்வண்டியோடு நின்றிருந்தாள். பாறையைக் குடைந்த கோவிலையும், கல் குதிரைகள் இழுக்கிற மண்டபத்தையும் வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரண்டு மைல் மண் சாலையில் குலுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அன்று மாலையே அம்பலக்காரரைப் பார்க்கப் போனோம். வெள்ளை மீசை, குறைந்த பேச்சு.

"உக்காந்துக்கிட்டு என்னத்த ஆடுவாக?" என்றார்.

"வந்து பாருங்களேன்" என்றேன்.

"சரி, உக்காந்தே ஆடட்டும். ஆனா ஏடாகூடமா ஏதாச்சும் ஆச்சு, புள்ளையக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன். ஆமா."

சனிக்கிழமை முழுக்க வீண். நான் வலை வீசச் சொல்லிக்கொடுத்தேன். கடலைப் பார்க்காத பிள்ளைகள் கொசு விரட்டின. துடுப்புப் போடச் சொன்னால் உரலில் மாவாட்டின. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "நீங்களே சொல்லித் தொலையுங்கள், வரிசையாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து நீங்கள் என்னதான் செய்வீர்கள்?" என்று கத்திவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த வெள்ளையம்மா நிதானமாகச் சொன்னாள். "சாப்புடுவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. பந்தி! வரிசையாக உட்காருவதற்கு நம் ஊரில் அதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

அதற்குப் பிறகு நான் பாயை அடித்தேன், அவ்வளவுதான். ஆட்டத்தைப் பிள்ளைகளே கட்டினார்கள். இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துத் துடைப்பது ஒருத்தியின் யோசனை. சோற்றில் குழி பறித்துக் குழம்புக்குக் காத்திருப்பது இன்னொருத்தியுடையது. ரசம் ஓடிவிடாமல் இரண்டு கையாலும் அணை போடுவார்கள். "போதும் போதும்" என்று கை மறிக்கும், கண் மட்டும் இன்னும் கேட்கும். ஏப்பம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்து, கடைசியில் ஏப்பம் ஜெயித்தது. முடிவில் எல்லாரும் ஒரே தாளத்தில் இலையை மடிக்க வேண்டும். வெள்ளையம்மா முன்னால் உட்கார, மற்றவர்கள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். எனக்குச் சுவா ஞாபகம் வந்தது. தாளம் அதே தாளம், சாப்பாடுதான் வேறு.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. பள்ளிக்கூட வாசலில் பலகை அடுக்கி மேடை. ஊரே வந்திருந்தது. அம்பலக்காரர் முதல் நாற்காலியில். பிள்ளைகள் வரிசையாக வந்து சப்பணம் போட்டதும் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "என்னப்பா, எலை போடப் போறாகளா?" என்றார். நான் பாயில் முதல் அடி போட்டேன்.

இலை விரிந்தது, சோறு விழுந்தது, ரசத்துக்கு அணை கட்டியாயிற்று. "அடியாத்தீ, எங்க வீட்டுக் கழுதையப் பாரு!" என்று ஒரு தாய் கன்னத்தில் கை வைத்தாள். ஏப்பத்துக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. அம்பலக்காரரின் மீசைகூட ஒரு பக்கம் அசைந்தது.

சரோஜாவுக்கு அன்றைக்குப் பயம். பிள்ளைகள் மறந்துவிடக் கூடாதே என்று மேடைக்குக் கீழே, அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் இல்லாத ஏற்பாடு. கடைசித் தாளத்தில் அவள் இலையைத் தன் பக்கம் மடித்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனையும், வெள்ளையம்மா உட்பட, அவள் கை போன திசையிலேயே மடித்தன. அதாவது, தங்களுக்கு எதிர்ப்பக்கம்.

கூட்டம் கப்சிப். கல்யாண வீட்டில் இலையை நம்மைப் பார்த்து மடிப்போம், உறவு திரும்பி வர வேண்டும் என்று. எதிர்ப்பக்கம் மடிப்பது எழவு வீட்டில்தான். "நல்ல நாளும் அதுவுமா..." என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்பலக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். என் கையில் குச்சி அப்படியே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

வெள்ளையம்மா தாத்தாவைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று முதுகை நிமிர்த்தி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"மறுபந்தீ!"

மறுகணம் அவள் கைகள் புது இலையை விரித்தன. பின்னால் இருந்தவர்களுக்கு அது போதும். என் குச்சி தானாகப் பாயில் தாளம் போட்டது. இந்த முறை யாரும் சரோஜாவைப் பார்க்கவில்லை. சோறு, குழம்பு, ரசம் எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில், பசியோடு காத்திருந்த இரண்டாம் பந்திக்காரர்களைப் போல. கடைசியில் வெள்ளையம்மா இலையைத் தன்னைப் பார்த்து மடித்து, அதன் மேல் கையை அழுத்தி வைத்தாள். அத்தனை கைகளும் அப்படியே மடித்தன.

கூட்டம் விசிலடித்தது. அம்பலக்காரர் நின்றபடியே, "ஏத்தா, மறுபந்தியிலயும் பாயசத்தக் காணோமே?" என்றார். பிறகு உட்கார்ந்தார். சரோஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

மறுநாள் காலை பாயைச் சரோஜாவிடமே விட்டுவிட்டுக் குன்றாண்டார்கோவிலில் பஸ் ஏறினேன். பஸ் நகரும் சமயம், "நிப்பாட்டுங்கப்பா!" என்று ஒரு குரல். அம்பலக்காரரும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு வெள்ளையம்மாவும் ஏறினார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

"கீரனூர்ல எம் மக வீடு இருக்கு. சும்மா பாத்துட்டு வரலாம்னு போறோம்" என்றார். நான் நகர்ந்து வெள்ளையம்மாவுக்கு இடம் கொடுத்தேன். பிறகு அவரே, "அங்கிட்டுப் பள்ளிக்கூடம் எப்பத் தொறக்குறாகன்னும் விசாரிக்கணும்" என்றார்.

கண்டக்டர் வந்தார். "கீரனூர் ஒண்ணரையா?"

"எதுக்கு ஒண்ணரை? ரெண்டாக் கிழிங்க."

"சின்னப் புள்ளைதானேங்க? அரை டிக்கெட் போதும்."

அம்பலக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆறாப்புப் படிக்கப் போற புள்ளைங்க. முழு டிக்கெட்டே குடுங்க."