ஸக்கியாவின் கோடு

புத்தளத்தில் பளீலாவின் அபாயாத் தையற்கடையில் பூவேலை மாதிரிகளை வரைபவர் ஸக்கியா. 1990இல் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட, மன்னாரிலிருந்து வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. வரைவதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கடைக்குக் கம்பியூட்டர் வந்த பிறகு, அதிலிருந்த வரைதல் மென்பொருளை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தே பழகினார். அதில் தூரிகையால் வண்ணம் தீட்டலாம். அது வாடிக்கையாளருக்குக் காட்ட. அதே பூவைப் புள்ளிகளால் கட்டிய கோடாகவும் போடலாம். அது எம்பிராய்டரி மெஷினுக்கு.

கையின் ஆட்டத்தைச் சமன்செய்ய அதில் ஓர் எண் உண்டு. நூறுவரை வைக்கலாம். நெடுநாள் ஸக்கியா அதைத் தொடவேயில்லை. 2018இல் வலது கை இலேசாக நடுங்கத் தொடங்கியபோது பத்து வைத்தார். நான்கு வருடத்தில் அது எழுபதாகிவிட்டது. எண் கூடக் கூடக் கோடு சீராகும்; ஆனால் திரையில் அது கையிலுள்ள மின்பேனாவுக்குப் பின்னால் தாமதித்துத்தான் வரும். மருந்து நடுக்கத்தைக் குறைக்கும், நோயை நிறுத்தாது என்று டாக்டர் சொன்னதை அவர் கடையில் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

பெட்ரோலும் கரண்டும் தட்டுப்பாடாயிருந்த 2022 மார்ச்சில் ஒரு காலை, மகளின் கலியாண அபாயாவுக்கு மாதிரி பார்க்க ஆலங்குடாவிலிருந்து கமீலா வந்தார். ஸக்கியாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன ராத்தா, உங்கட கோடு வாற மாதிரியே இல்ல. பெட்ரோல் லைன்ல நிக்குதா?”

ஸக்கியா சிரித்தார். மாதிரிக்கான பூக்கொடியைப் பாதி வரைந்திருக்கையில் கரண்ட் போனது.

“ஒரு மணிக்குத்தான் வரும்,” என்றார் பளீலா.

“அதுவரைக்கும் நிக்கேலாது, பஸ் போயிரும். கொடி எங்க முடியுதுண்டு துணியிலயே சோக்கால கீறிக் காட்டுங்களே.”

பளீலா கறுப்புத் துணியை விரித்துச் சோக்கை நீட்டினார். ஸக்கியா வலது மணிக்கட்டை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீறினார். கறுப்பில் வெள்ளைக் கோடு; ஒவ்வோர் ஆட்டமும் தெரிந்தது. கமீலா ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்து, அந்தக் கையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

பளீலா துணியிலிருந்த சோக்குக் கோட்டைத் தட்டி அழித்தார். படத்தைப் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லிக் கமீலாவை வழியனுப்பினார்.

“எத்தின நாளா?” என்றார் ஸக்கியாவிடம் திரும்பி.

“நாலு வருஷம்.”

“ஏன் சொல்லல்ல?”

“சொல்லி?”

பளீலா துணியை மடித்தார். “ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் வரைங்க, பிறகு பாப்பம்,” என்றார் கடைசியில்.

கரண்ட் வந்தபோது சேமிக்காத பாதிக் கொடி அழிந்திருந்தது. ஸக்கியா எண்ணை எழுபத்தைந்தாக்கி மறுபடி தொடங்கினார். பளீலா பின்னால் நின்று, கோடு பேனாவை வந்து சேரும்வரை பார்த்தார்.

“அந்த எண்ண எதுவரைக்கும் கூட்டலாம்?”

“நூறு வரைக்கும்,” என்றார் ஸக்கியா.