மரை இறைச்சியும் என் அரை வைத்தியமும்

போன சனிக்கிழமை மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ஒரு பெரிய கடையின் குளிர்ப்பெட்டிக்குள் மான் இறைச்சி கண்டேன். பண்ணை மான்தான். காட்டில் சுட்டதைக் கடையில் விற்க இங்கே சட்டம் விடாது. பொதியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டு நின்றேன். கொழுப்பு கொஞ்சம், புரதம் நிறைய, இரும்பும் நிறைய. "என்னப்பா, சோதனைக்கே படிக்கிறியள்?" என்று மனைவி தள்ளுவண்டியால் இடித்தாள்.

இது எனக்குப் பழைய வியாதி. மொன்றியலுக்கு வந்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் நோயாளியின் அட்டை இருக்கும். இவருக்கு உப்பு ஆகாது, அவருக்குச் சீனி ஆகாது. ஆறு மாதம் அட்டை வாசித்ததில் அரை டொக்டர் ஆகிவிட்டேன் என்று ஒரு நினைப்பு. கோயில் அன்னதான வரிசையில்கூட முன்னால் நிற்பவருக்குக் கொலஸ்ட்ரோல் பற்றி வகுப்பெடுப்பேன். வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்கள் பாவம்.

என் வைத்தியத்தைக் கொஞ்சமும் மதிக்காதவர் சூசை அண்ணன். மட்டக்களப்புக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர், தனி ஆள். மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் எட்டு வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். காட்டிறைச்சிதான் இறைச்சி, மற்றதெல்லாம் சும்மா என்பது அவர் கட்சி. "கோழி நிண்டு தின்னும் மனே, மான் ஓடித் தின்னும். ஓடுறதுல கொழுப்பு எங்க நிக்கும்?" என்பார். இதையே ஆஸ்பத்திரியில் உணவு நிபுணர் ஒருவர் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கக் கேட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவிய லுக் என்ற கியூபெக்காரன் இலையுதிர் காலத்தில் வேட்டைக்குப் போவான். முதல் வருடம் பழுப்புக் கடதாசியில் சுற்றி எனக்கு ஒரு பொதி தந்தான். மேலே பிரெஞ்சில் ஒரிஞ்ஞால் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் மரையின் ஜாதி, ஆனால் மிகப் பெரியது. சூசை அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டினார். ஆங்கிலத்து ஒரிஜினலுக்கும் அதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

"ஒரிஜினல் எண்டு போட்டுக் கிடக்கு. அப்ப டூப்ளிகேட்டும் விக்கிறானுகளோ?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஒரிஜினல் என்றே பெயர். மிளகு தூக்கலாகப் போட்டு அவர் குழம்பு வைத்தால் ஈர மரப்பட்டை மணமும் இரத்த மணமும் கலந்து படிக்கட்டு வரை போகும். மேல்வீட்டுக்காரர் ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு கிண்ணத்தோடு இறங்கி வருவார்.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் பழுதாயின. இருதயமும் பலவீனம், இயந்திரத்தில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க உடம்பு தாங்காது என்றார்கள். என்னென்ன சாப்பிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அந்த ஐப்பசியிலும் லுக் ஒரு பொதி தந்தான்.

"இரும்பு கிடக்கு, இரத்தம் ஊறும் எண்டு நீதானே சொன்ன?" என்றார் அண்ணன்.

"அது சுகமான ஆக்களுக்கு அண்ணை. உங்களுக்குப் புரதம் கூடக் கூடாது, பொஸ்பரஸ் கூடாது. பேந்து பாப்பம்."

பொதியை உறைபெட்டியில் போட்டேன். அவர் அடிக்கடி திறந்து பார்த்துவிட்டு மூடுவார். நான் உப்பில்லாத கோவா இலைக் கறியும் சோறும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

தை மாதம் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே அவரைச் சேர்த்தோம். ஒருநாள் காலை இளம் டொக்டர்ப் பிள்ளை ஒருத்தி என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். இனி அவர் விரும்பியதைச் சாப்பிடலாம்.

உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். அரை டொக்டருக்கு விளங்கவில்லை. ஆள் தேறிவிட்டார் என்று நினைத்து உள்ளே ஓடினேன்.

"அண்ணை, இனி எல்லாம் சாப்பிடலாமாம்!"

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அப்பிடியா சொன்ன அந்தப் புள்ள? சரி மனே. அப்ப ஒரிஜினல வை."

அவருக்கு விளங்கிவிட்டது. என் சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இறைச்சி உருக ஒரு முழு நாள் போயிற்று. மறுநாள் மத்தியானம் கிண்ணத்தோடு போனபோது அவரால் மெல்ல முடியவில்லை. கரண்டி நுனியால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பில்ல, மனே."

பழக்க தோஷத்தில் தாளில் இருந்தபடியே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஓடி உப்புப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் எதையும் வாயில் வாங்கவில்லை. அன்று மாலை போய்விட்டார்.

லுக் ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டான். நாங்கள் குடியிருந்த கட்டடத்தைப் புதுப்பித்து வேறு ஆட்களுக்கு விட்டிருக்கிறார்கள். மேல்வீட்டுக்காரர் எங்கே என்று தெரியாது. சூசை அண்ணனின் நாக்கில் கடைசியாகப் பட்டது நான் வைத்த உப்பில்லாத குழம்பு. அதை இனி யாராலும் மாற்ற முடியாது.