பொன்னம்பலத்தின் சிவப்புக் கல்

சென்ற கிழமை மகள் மருந்துப் பெட்டியைத் துப்புரவாக்கினாள். அடியில் கிடந்த பழைய காய்ச்சல்மானியை, செத்த எலியை வாலில் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கினாள். "அம்மா, திஸ் இஸ் டொக்சிக். உள்ளுக்கு மெர்க்குரி இருக்கு, தெரியுமா?"

தெரியுமாவாம்! பாதரசத்தோடு ஒரு மாரிகாலம் குடித்தனம் நடத்தியவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம், ரொறன்ரோ. பார்க்டேலில் இருந்து ஸ்ட்ரீட்கார் பிடித்து நகர நடுவுக்கு வேலைக்குப் போவேன். அந்தக் கட்டடத்தில் கதவுக்குக் கதவு ஒரு சுரங்கக் கம்பெனி. அவற்றில் பாதி தோண்டிய ஒரே குழி, ஊரார் சட்டைப்பையில்தான். தமிழ் தெரியாத எங்கள் வெள்ளைக்கார முதலாளிக்கு வாயைத் திறந்தால் தங்கம். அதனால் அங்கே வேலைசெய்த தமிழர் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் பொன்னம்பலம். அவன் முன்னாலேயே அவனைப் பற்றிக் கதைக்க அது வசதியாகவும் இருந்தது. மரியாதை விகுதி எதிர்பார்க்காதீர்கள், நான் போடப்போவதில்லை. பாலைவனத்துக்காரன் என்று காட்டப் பாம்புத்தோல் சப்பாத்து போடுவான். அது மணலைக் கண்டதில்லை. ரொறன்ரோத் தெருவில் பனிக்குக் கொட்டும் உப்புப் பட்டு வெளிறிக் கிடந்தது.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், கல்லையும் பாறையையும் ஆராயும் புவிச்சரிதவியல் படித்தவள். பங்கு வாங்க ஆட்கள் வந்தால் "எங்கள் நிபுணர்" என்று காட்டுவான். ஆட்கள் போனதும் நான் பழையபடி வரைபடத்துக்குக் கலர் அடிக்கும் பெண்.

அவன் விற்றுக்கொண்டிருந்தது அமெரிக்காவின் தெற்கெல்லைப் பாலைவனத்தில் கைவிடப்பட்ட ஒரு பாதரசச் சுரங்கம். கல் பெட்டி பெட்டியாக வரும். இரத்தம் காய்ந்ததுபோலச் சிவப்பு. நம்மூர்ச் சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்பார்களே, அதேதான். ஒரு காலத்தில் நிலத்தடிச் சுடுதண்ணீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே ஏறியிருக்கிறது. மேலே வந்து ஆறும்போது பாதரசத்தையும் கந்தகத்தையும் வெடிப்பின் சுவரில் பூசிவிட்டுப் போயிருக்கிறது. ஆழம் போகப் போகச் சிவப்பு மெலிந்துவிடும். இப்படிச் சுடுதண்ணீர் ஏறிய சில இடங்களில் தங்கமும் கிடைத்ததுண்டு. அந்தச் 'சில' என்ற சொல்லைப் பொன்னம்பலம் விழுங்கிவிட்டான். எங்கள் கல்லைச் சோதித்த ஆய்வுகூடம், தங்கம் இல்லை என்றே திரும்பத் திரும்ப எழுதியது.

அந்தச் சுரங்கத்தின் பழைய அறிக்கைகளை நான் ஆசையோடு வாசித்தேன். வெடிகுண்டைப் பற்றவைக்கப் பாதரசம் வேண்டும். ஆகவே போர் வந்தால் அந்தச் சுரங்கத்துக்குக் கலியாணவீடு, சமாதானம் வந்தால் செத்தவீடு. போரில் இருந்து ஓடிவந்து ஒண்டியிருந்த நான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டினேன். கல்லை உலையில் சுட்டு, ஆவியைக் குழாயில் குளிரவைத்தால் பாதரசம் சொட்டும். உலையடியில் நின்றவர்கள் மெக்சிக்கோக் கூலிகள். வாயில் எச்சில் வடிந்து, கை நடுங்கி, பல் ஆடி விழுந்து போனார்கள். பொன்னம்பலத்தின் பளபளப்பான விளம்பரத் தாளிலோ, அந்த உலைக்கு முன்னால் ஒரு கழுதை நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

அவனுக்குக் காட்சி வேண்டும். கல்லைச் சூடாக்கி வெள்ளித் துளி விழுவதைக் காட்டினால் வந்தவர்கள் வாய் பிளப்பார்கள் என்று கண்டுபிடித்தான். சாமான் கட்டும் வேலை செய்த யேசுதாசன் அண்ணையை அதற்குப் பிடித்தான். அண்ணை தலைமன்னார்க்காரர், ஊரில் வள்ளத்து எஞ்சின் திருத்தியவர். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் அங்கே அகதி முகாமில் இருந்தார்கள். யன்னல் திறக்காத அறையில், பனி கொட்டிய அந்த மாரி முழுக்க, கிழமைக்குப் பல தடவை கல் சுட்டார்.

மாசி மாதமளவில் தேத்தண்ணீர்க் கோப்பை அவர் கையில் தாளம் போட்டது.

"தங்கச்சி, வாயெல்லாம் செப்புக்காசு சப்பின மாதிரிக் கிடக்கு. தலையணையும் ஈரமாப் போகுது."

கோப்பையை வாங்கி மேசையில் வைத்தேன். "அண்ணை, உது அந்தப் புகை. உதை விடுங்கோ. நாளைக்கே டொக்டரிட்டப் போவம்."

"விட்டா வேலை போயிடும். இந்த வேலையைக் காட்டித்தான் பிள்ளையளை இஞ்ச கூப்பிட ஸ்பொன்சர் குடுத்தனான்."

பொன்னம்பலத்திடம் போய்ச் சொன்னேன். சிரித்தான். "வெப்பநாட்டு ஆள், குளிரில் நடுங்குகிறான்," என்றான். உலையடிக் கூலிகளைப் பற்றிய அந்தப் பழைய அறிக்கையை விரித்துக் காட்டினேன். அதன் மேல் கோப்பிக் கோப்பையை வைத்தான். அந்த மனிதனைப் பற்றி இதற்கு மேல் உங்களுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அறை நிறைய ஆட்கள். அண்ணை அடுப்பை மூட்டினார். தங்கம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் காட்டும்படி பொன்னம்பலம் என்னைக் கூப்பிட்டான். எழுந்தேன். ஆங்கிலத்தில் பாதி நாக்கில் இருந்து வழுக்கிப் போனது. "இங்கே தங்கம் இல்லை," என்றேன். பிறகு, ஆவியைச் சொல்ல நினைத்து, "வேப்பர் நஞ்சு," என்றேன்.

முன்வரிசைக் கிழவர் காதில் கைவைத்தார். "எந்தப் பேப்பரில்?"

"பேப்பரில் இல்லை ஐயா, காற்றில். நீங்கள் இப்போது இழுக்கிற காற்றில்."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்த சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை. பொன்னம்பலம் சிவந்தான், அவனுடைய கல்லைவிடச் சிவப்பாக. அண்ணையைப் பார்த்து, தொடர்ந்து சுடு என்று கத்தினான். அண்ணை கொஞ்ச நேரம் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவர் யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். பிறகு அடுப்பை அணைத்து, காட்சிக்கென்று அவன் கட்டச்சொன்ன கழுத்துப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வா தங்கச்சி, போவம்."

ஆஸ்பத்திரியில் இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் கண்டார்கள். நடுக்கம் கோடையில்தான் அடங்கியது. பிறகு ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் இடத்தில் அண்ணைக்கு வேலை கிடைத்தது. ஸ்பொன்சரைத் திரும்ப முதலில் இருந்து தொடங்கினார். நான் ஸ்காபரோவில், வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள டோனற் விற்கும் கடையில் நின்றேன். அங்கே ஓட்டையை ஓட்டையென்றே விற்றோம்.

பொன்னம்பலம் கதவுப் பலகையை மாற்றிக்கொண்டு வைரம் விற்கப் போனான். வைரம் அலுக்க, இன்டர்நெற். அப்படிப்பட்டவர்கள் அழிவதில்லை, பெயர்தான் மாறும். அந்தக் கட்டடம் இப்போது ஆட்கள் குடியிருக்கும் கொண்டோ. பாலைவனத்துச் சுரங்க வாய்களுக்கு இரும்புக் கம்பி போட்டுவிட்டார்களாம், உள்ளே வௌவால்கள் மட்டுமாம். இதில் எது போனதற்கும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

ஆனால் அண்ணையின் முன்பற்கள் அந்த மாரியோடு போயின. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டார். சில வருடம் கழித்துக் குடும்பம் வந்து இறங்கியபோது நானும் விமான நிலையத்துக்குப் போனேன். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். மனைவி மட்டும் சற்றுத் தள்ளி நின்று அவருடைய முகத்தையே பார்த்தார். பிறகு கிட்ட வந்து, வாயை மூடியிருந்த அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கினார்.