சும்மா இருக்கிறவள்

எங்கள் வீட்டில் யாரும் சும்மா இருந்ததில்லை. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா மரவள்ளிக் காட்டில் களை எடுப்பாள். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அம்மாவின் வாயில் முதலில் வருவது, "சும்மா குந்திக்கினு சோறு திங்குது" என்பதுதான்.

அந்த வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டமும் வாங்கினேன். வாங்கிய கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். நடுவில் புதுப்பிக்கவும் தவறவில்லை. ஐந்து வருடம் முடிந்ததும், வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை கேட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி என் அட்டையைப் பார்த்தார். "பதிவு சரியா இருக்கு. குடும்ப வருமானம் வரம்புக்குள்ள இருக்கணும், அதுக்கு உங்க வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்கிக்கினு வா. வேலையில இருக்கக் கூடாது. காலேஜுக்குப் போயிப் படிக்கவும் கூடாது. மூணு வருசம்தான், அப்புறம் நின்னுடும்."

"இத வாங்கினா வேலைக்குக் கூப்புடாம வுட்டுடுவாங்களா?"

"அது வேற, இது வேற. பதிவு அப்படியே இருக்கும். இப்ப எங்கியாவது வேலை பாக்கறியா?"

"இல்லீங்க."

வேலை இல்லை என்று வாய்விட்டு முதல்முறை சொன்னது அப்போதுதான். ஒன்றும் தோன்றவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் வந்தால் அரசுத் தேர்வுக்கான புத்தகங்களை வாங்கலாம். வராவிட்டால் படித்தது போதும், சின்னசேலத்தில் ஜவுளிக்கடையில் வேலைக்கு நில் என்று அப்பா சொல்லியிருந்தார்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. வி.ஏ.ஓ. என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இது? நீ கள்ளக்குறிச்சியில ஆபீஸ்ல இருக்கறதா உங்கம்மாவே சொல்லிச்சே. உன் சம்பளத்தையும் சேத்தா வருமானம் ஜாஸ்தியாயிடுமே."

காலையில் இஸ்திரி போட்ட சுடிதாரும் தோள்பையுமாக பஸ் ஏறி நான் போவது நூலகத்துக்கு. அம்மா அதை ஊரில் ஆபீஸ் என்று சொல்லியிருந்தாள். எனக்கும் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"நான் லைப்ரரிக்குத்தான் சார் போறேன்."

"நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிக்கினு வா. அது வாயால சொல்லட்டும்."

மறுநாள் அம்மா காட்டு வேலைக்குப் போகாமல், திருவிழாவுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பட்டா மாற்ற வந்தவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தையும் இருந்தாள்.

"பொண்ணு வேலைக்குப் போவுதா, இல்லியா?" என்றார் வி.ஏ.ஓ.

அம்மா அத்தையை ஒருமுறை பார்த்தாள். "போவுது சார். சம்பளம்தான் இன்னும் குடுக்கல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வி.ஏ.ஓ.வும் சிரித்தார். "வேலைக்குப் போவுதுன்னு சொன்னா நான் எழுத முடியாதும்மா."

"அப்ப, படிக்குது சார்."

"காலேஜுலயா? படிக்கறவங்களுக்கும் கிடையாது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதுவே சொல்லட்டும்."

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "வூட்ல சும்மாதான் இருக்குது சார்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை அழுத்தினார்.

"ஏன்க்கா, ஆபீசரம்மான்னு சொல்லிக்கினு இருந்தியே" என்றாள் அத்தை. வெளியே வந்ததும் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "அரை நாளாச்சும் களைக்குப் போறேன்" என்று புடவையைக்கூட மாற்றாமல் நடந்தாள். நான் தாளை மடிக்காமல் பைக்குள் வைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை, இன்னும் எனக்கு வேலை இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஒருமுறை தந்திருக்கிறேன்.

காலையில் அம்மா முன்போலவே சாப்பாடு கட்டித் தருகிறாள். நான் எங்கே போகிறேன் என்று அவள் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. பஸ் நிறுத்தத்தில் அத்தைதான் கேட்பாள். "இன்னா பாப்பா, சும்மா இருக்கறதுக்கா பஸ்சு ஏறிப் போற?"

"ஆமாங்கத்த" என்பேன். பஸ் வந்ததும் ஏறிக்கொள்வேன்.