சிரித்துக்கொண்டே எழுந்தவர்

1. நாற்பது ஸ்லைடு

பாதுகாப்புப் பயிற்சியாளராக நான் எடுத்த முதல் வகுப்பில் பதினெட்டுப் பேர் தூங்கினார்கள். எண்ணியது நான்தான், எனக்கும் வேறு வேலை இருக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டம். விடியுமுன் போடியில் ஜீப் ஏறி வந்தவர்களுக்கு ‘உயரத்தில் பணிபுரிதல்’ என்று நாற்பது ஸ்லைடு காட்டினால் வேறென்ன நடக்கும்.

மேனேஜர் சொன்னார்: “அடுத்த தடவையும் தூங்குனாங்கன்னா நீங்க வர வேணாம் சார். தூங்குறதுக்கு அவங்களுக்குப் பயிற்சி தேவையில்ல.”

2. ஏணிப் படம்

அடுத்த மாதம் பழைய ஊமைப்படம் ஒன்றைக் கொண்டுபோனேன். பத்து நிமிடம். பெயிண்டர் ஒருவன் ஏணியில் ஏறுவான், விழுவான், தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டியபடி மறுபடி ஏறுவான். உலகச் சிரிப்புப் படங்களின் வரலாறு பற்றி முன்னுரையும் தயாரித்திருந்தேன். நல்லவேளை, புரொஜெக்டர் முந்திக்கொண்டது.

வகுப்பு நடந்த ஏலக்காய் ஸ்டோர் சிரிப்பில் அதிர்ந்தது. நிழல்மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும் மாயாண்டி முன்வரிசையில் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். ஏதோ நானே நடித்த படம் போல எனக்குப் பெருமை.

டீ வந்தது. மாயாண்டி இடது கையால் வாங்கினார். வலது கை சால்வையை விட்டு வெளியே வரவில்லை.

“ஏண்ணே, காலையில நீயும் இப்பிடித்தான எந்திரிச்ச? தொப்பி மட்டுந்தான் இல்ல” என்றார் பக்கத்திலிருந்த செல்லத்தாயி.

“சும்மா இரு தாயி.”

மேனேஜர் வந்து சால்வையை விலக்கினார். மணிக்கட்டு வீங்கிக் கோணியிருந்தது.

“சுளுக்கு சார். எண்ணெய் போட்டா வெரசா சரியாயிரும்.”

அங்கே ஒரு வழக்கம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஏணியிலிருந்து விழுந்தால் சூப்பர்வைசர் வருவதற்குள் சிரித்துக்கொண்டே எழுந்துவிட வேண்டும். முனகினால் ஏணியை விட்டுத் தரைவேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதில் கூலி குறைவு.

“ஏணிக்கு வேற ஆளப் போடுங்க” என்றார் மேனேஜர்.

மாயாண்டி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் படம் போட்டதால்தான் அவருடைய வேலை போகிறது. என் நாற்பது ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை. செல்லத்தாயியிடம் இருந்தது.

“படத்துலயும் ஏணியப் பிடிக்க ஆளு இல்ல, இங்கயும் இல்ல. விழுகாம என்ன செய்யும் அண்ணன்?”

அதையே நான் ‘ஆபத்து மதிப்பீடு’ என்று பெயர் வைத்து மேனேஜரிடம் திருப்பிச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“சரி, ஏணிக்கு ஒரு ஆளு நிக்கட்டும். கைக்குக் கட்டுப் போட்டுப் பிரிக்கிற வரைக்கும் இவரே நிக்கட்டும். ஏணிக் கூலி அதேதான், குறைக்க வேணாம். ஒத்தக் கையில எப்பிடிப்பா பிடிப்ப?”

“காலு ரெண்டும் நல்லாத்தான சார் இருக்கு. ஏணியோட அடிப்படிய மிதிச்சுக்கிடுறேன்.”

போடி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி குலுங்கும்போது மாயாண்டி சிரித்தார்.

“இங்க சூப்பர்வைசர் இல்லண்ணே” என்றேன்.

அதன்பிறகுதான் முனகினார்.

அந்தப் படத்தை இன்னும் போடுகிறேன். ஆனால் திரையைப் பார்ப்பதில்லை. அதிகமாகச் சிரிப்பவர் யாரென்று பார்த்து, அவருடைய கைகளைக் கவனிக்கிறேன்.