எக்காலத்துக்குமான கையெழுத்து

கம்பிவலைக் கதவின் கைப்பிடியைப் பற்றி, சற்றே மேல்நோக்கித் தூக்கி, பிறகுதான் இழுக்கிறார் வெர்னன் டீட்மன். கீல் தளர்ந்த பழைய கதவுக்கு அந்தப் பக்குவம் வேண்டியிருந்தது. அதை மாற்றி இருபது ஆண்டுகளாகின்றன. புதிய கதவு விரல் பட்டாலே திறக்கும். எண்பத்தொரு வயதுக் கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

கதவு அவருடையதன்று, வீடும் அன்று. அயோவாச் சோளவயல்களுக்கு நடுவே நிற்கும் அவ்வீட்டையும் ஆப்பிள் தோப்பையும் 1991-இல் ஹ்ருஸ்கா தம்பதிக்கு விற்றுவிட்டு ஊருக்குள் குடிபோனவர் அவர். ஆயினும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் சனிக்கிழமை, இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்களோடு வந்துவிடுவார். சமையலறை மேசையைத் தாண்டிப் போகமாட்டார். வெள்ளை வீட்டுக்கு மஞ்சள் பூசியதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, ஒரே கேள்வி கேட்பார்.

“யாராவது வந்தாங்களா?”

“வந்துச்சே, ஒரு ரக்கூன்! குப்பைத்தொட்டி அதோட பாட்டன் சொத்தாம்” என்பார் கார்லா ஹ்ருஸ்கா.

“பத்திரம் காட்டுச்சா?”

“பல்லைக் காட்டுச்சு, வெர்ன்.”

விற்ற நாளில் வழக்கறிஞர் மூவகைப் பத்திரங்களை எடுத்துரைத்தார். வெர்னன் அவற்றைத் தம் பாணியில் விளக்குவார்: “ஒண்ணு, ‘எனக்குன்னு ஏதாவது இருந்தா எடுத்துக்கோ, இல்லேன்னா என்னைக் கேக்காதே.’ ஏலத்துல பழைய டிராக்டர் எடுக்கிற மாதிரி. ரெண்டாவது, ‘என் காலத்துல நான் குளறுபடி பண்ணல.’ அதுக்கு முன்னாடி? தெரியாது, போ! மூணாவதுதான் முழு உத்தரவாதம். எங்க அப்பா, தாத்தா, அவங்களுக்கு முன்னாடி எவன் வெச்சிருந்தானோ, யார் காலத்து வில்லங்கம் வந்தாலும் நான் வந்து நிப்பேன்.”

இரண்டாவதே போதுமென்றார் வழக்கறிஞர். வெர்னனின் மனைவி லொரெய்ன் கேட்கவில்லை. “பாதிச் சத்தியம் பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவங்களுக்குப் பக்கத்துல எப்படி உக்கார்றது?” என்று சொல்லி, மூன்றாவதில் முதலில் கையெழுத்திட்டவர் அவரே. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள். சாய்ந்த எழுத்தில் அவர் பெயர் தாங்கிய நகல், நான்காக மடிக்கப்பட்டு, வெர்னனின் சட்டைப்பையில் இருக்கிறது.

இவ்வாண்டு கார்லா ரக்கூனைச் சொல்லவில்லை. ஒரு கடிதத்தை மேசைமேல் நகர்த்தினார்.

“எமில்னு யாரு, வெர்ன்?”

எமில் அவருடைய சிற்றப்பா. 1950-இல் தம் பங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்தார். அவ்வூர்ச் சட்டப்படி மனைவியும் கையெழுத்திட்டால்தான் பத்திரம் முழுமையாகும்; கணவரோடு பிணங்கித் தாய்வீடு போயிருந்த அவர் மனைவி அதில் கையெழுத்திடவில்லை. அந்தக் குறையைக் காட்டி, எமிலின் பேரன் இப்போது தோப்பில் மூன்றிலொரு பங்கு கேட்கிறான். இன்று பத்து மணிக்கு நேரில் வருகிறானாம்.

“போன வருஷம்தான் டுவேன் நாப்பது கன்னு வெச்சாரு” என்றார் கார்லா. கணவர் நட்ட கன்றுகள் இருந்த பக்கம் அவர் பார்வை போயிற்று. “எடுத்துடுவாங்களா?”

வெர்னன் மகளைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னார். மறுமுனைக் குரல் சமையலறை முழுதும் கேட்டது.

“அப்பா, அப்ப உங்களுக்கு ஏழு வயசு! அதுக்கு இப்ப நீங்க ஏன் கோர்ட்டுக்கு அலையணும்?”

“ஏழு வயசுல நான் கையெழுத்துப் போடலம்மா. நாப்பத்தெட்டு வயசுல போட்டேன்.”

தொலைபேசியை வைத்துவிட்டு ரொட்டிச் சுருளை நிதானமாக உண்டு முடித்தார். வெளியே கார்ச் சக்கரத்தின்கீழ்ச் சரளைக் கற்கள் நெரியும் ஒலி. கார்லா எழுந்தார்.

“நீ உக்காரு, கார்லா. இது என் வேலை.”

தொப்பியை அணிந்தார். சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பிவலைக் கதவைச் சற்றே மேல்நோக்கித் தூக்கித் திறந்து, வெளியே கால்வைத்து, அதைத் தமக்குப் பின்னால் சாத்தினார்.